மருந்துக் குப்பியும் ஓர் அமானிதம்

 

 

மதுரையைச் சுற்றியுள்ள வைகைப் பாசனச் சமவெளியில் மாடும் ஆடும் வாழ்வாதாரத்தின் ஒரு பகுதி. மேலூர், திருமங்கலம் ஆட்டுச் சந்தைகளில் நம் சகோதரர்கள் பலர் வணிகம் செய்கின்றனர். அலங்காநல்லூர், பாலமேடு பகுதிகளில் காளையைப் பிள்ளையைப் போல் வளர்க்கும் வீடுகள் ஏராளம். அத்தகைய பிராணி ஒன்றுக்குக் கொம்பு முறிந்தாலோ, குளம்பில் சீழ் வைத்தாலோ, ஆழ்ந்த காயத்தில் தையலிட வேண்டியிருந்தாலோ, கால்நடை மருத்துவர் முதலில் அதனை அமைதிப்படுத்தும் ஊசியைச் செலுத்துகிறார். வாயில்லா ஜீவன் வலியின்றிச் சிகிச்சை பெறுகிறது. அல்லாஹ் மனிதனுக்கு அளித்த அறிவின் பயன் அது.

அதே மருந்து மனிதனின் நரம்பில் ஏறும்போது என்ன ஆகிறது? அதனைத் தடுக்க அரசுகள் இயற்றும் சட்டம் எத்தகையது? அச்சட்டத்திற்கும் நம் மார்க்கத்திற்கும் உள்ள உறவு என்ன? இம்மூன்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மருந்து போதையான வரலாறு

கால்நடைகளுக்கான மயக்க மருந்துகளுள் இரண்டு இங்கே அறியத்தக்கவை. ஒன்று சைலசின், மற்றொன்று கெட்டமின். இரண்டும் 1962-ஆம் ஆண்டு ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்பட்டவை. சைலசின் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும், கெட்டமின் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்திலும் பிறந்தன.

சைலசின் மாடு, குதிரை, நாய் போன்ற பிராணிகளுக்கு மட்டுமே உரியது. மனிதருக்குப் பயன்படுத்த அதற்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. இரத்த அழுத்தத்தை மிகையாகத் தாழ்த்துகிறது, இதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்குகிறது என்பதே காரணம். பிராணிகளிலும் இதன் அளவு ஒன்றுபோல் இராது. குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். கற்றறிந்த மருத்துவரே அளந்து செலுத்த வேண்டிய மருந்து இது.

2000-களின் தொடக்கத்தில் கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் இதனை ஹெராயினுடன் கலந்து ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியது. பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத் தெருக்களில் ஃபென்டனில் என்னும் கொடிய போதைப்பொருளுடன் கலந்து விற்கப்பட்டது. இதனை ஏற்றிக்கொண்டோரின் தோலும் சதையும் அழுகிப் புண்களாயின. சிலர் கை கால்களை இழந்தனர். ஹெராயின் போன்றவற்றால் மூச்சு நின்றவரை மீட்க உதவும் நலாக்சோன் மருந்தும் சைலசினின் மயக்கத்தை முறிப்பதில்லை. 2023 ஏப்ரல் 12 அன்று, சைலசின் கலந்த ஃபென்டனிலை வளர்ந்துவரும் அச்சுறுத்தலாக அமெரிக்க வெள்ளை மாளிகை அறிவித்தது. அந்நாட்டில் ஒரு போதைப்பொருள் அவ்வாறு அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

கெட்டமினின் நிலை சற்று வேறு. அது மனிதருக்கும் பிராணிகளுக்கும் பொதுவான மயக்க மருந்து. மூச்சை அதிகம் தடுக்காததால், பெரிய கருவிகள் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் அறுவைச் சிகிச்சைக்கு உதவுகிறது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் அதனைப் பொடியாக்கி மூக்கில் உறிஞ்சுவோர் தம்மை மறந்து, உடல் வேறு உயிர் வேறு என்ற பிரமையில் மிதக்கின்றனர். தொடர்ந்து பயன்படுத்துவோரின் சிறுநீர்ப்பை சுருங்கி, இரத்தம் கலந்து சிறுநீர் கழிக்கும் அவல நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.

நம் நாட்டின் அனுபவம்

இவை கடல் கடந்த செய்திகள் என்று எண்ணிவிடலாகாது. இந்தியா கெட்டமினைப் பெருமளவில் தயாரிக்கும் நாடு. 2000-களில் சென்னை விமான நிலையத்தின் வழியாக மலேசியா முதலிய நாடுகளுக்கு இம்மருந்து பொடியாகக் கடத்தப்பட்டு மீண்டும் மீண்டும் பிடிபட்டது. அன்று அது போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஹெராயின் கடத்துபவருக்குக் கிடைக்கும் தண்டனை இதனைக் கடத்துபவருக்குக் கிடையாது. பொருளின் தீமை ஒன்றாயிருக்க, சட்டத்தின் பிடி தளர்ந்திருந்த இடத்தில் கடத்தல்காரன் புகுந்துகொண்டான்.

அந்த இடைவெளி படிப்படியாக அடைக்கப்பட்டது. முதலில் ஏற்றுமதிக்குப் போதைப்பொருள் ஆணையரின் தடையின்மைச் சான்று கட்டாயமானது. 2011-இல், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கெட்டமின் கொண்டுவரப்பட்டது. 2013-இல் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

இவ்விரு சட்டங்களும் இரண்டு பூட்டுகளைப் போன்றவை. முதலாவது, கடத்துவோனையும் விற்போனையும் தண்டிப்பது. கெட்டமினில் 500 கிராம் வணிக அளவாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேற்பட்டால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவலும், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. இரண்டாவது, மருந்துக் கடையின் அலமாரியைக் காப்பது. 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளைத் தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். மருத்துவரின் சீட்டு இரண்டு படிகளாக இருக்க வேண்டும்; ஒரு படியைக் கடைக்காரர் இரண்டாண்டுகள் பாதுகாக்க வேண்டும். இதைவிடச் சற்று இலகுவான 'எச்-1' அட்டவணை மருந்துகளுக்கும் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பட்டியலில் இருக்கும் மருந்துக்கு வழி அடைபட்டால், தீயவன் பட்டியலில் இல்லாத மருந்தைத் தேடிச் செல்கிறான். வலி நிவாரணியான டிரமடாலின் கதையும் இதுவே. அது பரவலாகத் தவறாகப் பயன்பட்ட பின்னரே 2018-இல் போதைப்பொருள் சட்டத்திற்குள் வந்தது. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல நகரங்களில் வேறு வலி நிவாரணி மாத்திரைகளை நீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் கொடுமை தலைதூக்கியது. சட்டம் பெரும்பாலும் தீமைக்குப் பின்னால்தான் ஓடிவருகிறது. சட்டம் வந்துசேரும்வரை காக்க வேண்டியவர் யார் என்ற வினா இங்கே எழுகிறது.

பூட்டு இறுகினாலும் ஆபத்து

'இத்தனை தீமை தரும் மருந்தை அடியோடு தடைசெய்துவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அதற்கும் நம் நாட்டிலேயே படிப்பினை உண்டு. 1985-ஆம் ஆண்டின் சட்டம் மார்பினுக்கு இட்ட கடுமையான கட்டுப்பாடுகளால், மருத்துவமனைகள் அதனை வாங்கவே தயங்கின. பலவகை உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. சிறு தவறுக்கும் சிறைத் தண்டனை வருமோ என்ற அச்சம் நிலவியது. விளைவாக, புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் துடித்த எண்ணற்ற ஏழை நோயாளிகள் வலி நீக்கும் மருந்தின்றியே மாண்டனர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையா வலி நிவாரணிகளுக்கு நாடு முழுவதும் ஒரே சீரான எளிய நடைமுறை வகுக்கப்பட்டது.

இதே அச்சத்தால்தான் 2015-இல் கெட்டமினைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சீனா முன்மொழிந்தபோது, ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் முடிவை ஒத்திவைத்தது. உலக சுகாதார நிறுவனமும் அக்கட்டுப்பாட்டை ஆதரிக்கவில்லை. ஏழை நாடுகளின் அறுவைச் சிகிச்சைக் கூடங்கள் வெறுமையாகிவிடும் என்பதே வாதம்.

2023 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட சைலசின் மசோதாவும் இவ்விரு பக்கங்களையும் கருதியே எழுதப்பட்டது. தெருவில் விற்பவனுக்குத் தண்டனை. தயாரிப்பாளர் ஒவ்வொரு தொகுதிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் கால்நடை மருத்துவரும், அவர் அறிவுரைப்படி பயன்படுத்தும் விவசாயியும் தடையின்றி மருந்தைப் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒஹையோ, பென்சில்வேனியா மாநிலங்கள் 2023-லேயே தத்தம் அளவில் சைலசினைக் கட்டுப்படுத்தின. பிரிட்டனில் 2025 ஜனவரியில் அது 'சி' பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது.

நல்ல சட்டத்தின் இலக்கணம் இதுவே. தீயவனின் கையிலிருந்து மருந்தைப் பறிக்க வேண்டும். வலியில் துடிக்கும் நோயாளியிடமிருந்தும், காயம்பட்டுக் கிடக்கும் பசுவிடமிருந்தும் அதனைப் பறித்துவிடக் கூடாது.

மார்க்கத்தின் ஒளியில்

அன்பார்ந்தவர்களே! ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்து அடிப்படைகளாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றை நம் இமாம்கள் வகுத்துள்ளனர். போதை இவ்வைந்தையும் ஒருசேரத் தாக்குகிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் மதுவை ஷைத்தானின் செயலாக எடுத்துரைத்து, அது மனிதரிடையே பகையை மூட்டுவதையும், தொழுகையிலிருந்தும் இறை நினைவிலிருந்தும் தடுப்பதையும் காரணமாகக் காட்டுகின்றன.

'இது மதுவல்ல, மருந்துதானே' என்று சில இளைஞர்கள் வாதிடுவதுண்டு. போதை தரும் எதுவும் விலக்கப்பட்டதே என்று நபி (ஸல்) அவர்கள் பொதுவாகவே அறிவித்துவிட்டார்கள். அதுமட்டுமா? போதையூட்டுவதோடு உடலைத் தளர்த்தி மந்தமாக்குவதையும் அண்ணலார் தடுத்ததாக அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மயக்க மருந்தின் தன்மையே உடலைத் தளர்த்துவதுதான் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

புதிய போதைகள் தோன்றியபோது நம் முன்னோர் வாளாவிருக்கவில்லை. கஞ்சாப் பழக்கம் முஸ்லிம் நாடுகளில் பரவிய காலத்தில், ஹிஜ்ரி 794-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் அதன் தடையை விளக்கித் தனி நூலே யாத்தார்கள்.

அதே அறிஞர் பரம்பரை, மருத்துவத் தேவையையும் மறந்துவிடவில்லை. அழுகிய கையை அகற்றும்போது அறிவை மயக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வியை ஷாஃபிஈ சட்ட நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து, கூடும் என்ற கருத்தையே வலுவானதாகக் கொண்டன. ஆகவே மயக்க மருந்து தன்னளவில் பாவப் பொருளன்று. தேவையுள்ள இடத்தில், தகுதியுள்ளவர் கையால், தேவையான அளவில் அது அருட்கொடை. அந்த எல்லையைத் தாண்டினால் ஹராம். இத்தகைய பொருளை வைத்திருப்பவரின் நிலையைத்தான் மார்க்கம் அமானிதம் என்றழைக்கிறது.

அமானிதத்தின் வட்டம் பெரியது. மது தொடர்பாகப் பத்துப் பேர் சாபத்திற்குரியவர்கள் என்ற நபிமொழியை நாம் அறிவோம். அருந்துபவன் அவர்களுள் ஒருவன் மட்டுமே. பிழிபவன், சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், விற்பவன், வாங்குபவன், அதன் விலையைத் தின்பவன் எல்லோரும் அதில் அடங்குவர். தயாரிப்புக் கூடம் முதல் தெருமுனை வரை நீளும் சங்கிலியின் எந்தக் கண்ணியும் குற்றத்திலிருந்து தப்புவதில்லை என்பதை இந்நபிமொழி எவ்வளவு தெளிவாக உணர்த்துகிறது!

சந்தையைக் கண்காணித்த முன்னோர்

மருந்து விற்பனையை அரசு கண்காணிப்பதை அனாவசியத் தலையீடு என்று கருதுவோர் நம் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இஸ்லாமிய ஆட்சிகளில் ஹிஸ்பா என்னும் துறை இருந்தது. அதன் அதிகாரியான முஹ்தஸிப் சந்தையின் எடையையும் அளவையும் சோதிப்பதோடு, மருந்து வணிகரையும் மேற்பார்வையிட்டார். ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ (ரஹ்) எழுதிய ஹிஸ்பா கையேட்டில் மருந்து விற்போருக்கு ஒரு பகுதியும், கால்நடை வைத்தியருக்கு மற்றொரு பகுதியும் உள்ளன. இன்றைய மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்து பதிவேட்டைக் கேட்கும்போது, அந்தப் பழைய கடமையின் தொடர்ச்சியையே செய்கிறார்.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்பவர் நேரும் இழப்புக்குப் பொறுப்பாவார் என்பதும் நபிமொழியின் கருத்து. பசியாலும் கடும் வேலையாலும் வருந்திய ஒட்டகத்திற்காக அதன் உரிமையாளரைக் கண்டித்த அண்ணலின் உம்மத் நாம். படிக்காத ஒருவர் கொண்டுவரும் ஊசியை மாட்டுக்குப் போட அனுமதிப்பது அந்த ஜீவனுக்கும் அநீதி, மருந்து தவறான கைக்குப் போகவும் வழி.

நாம் செய்ய வேண்டியவை

*மருந்துக் கடை வைத்திருப்போர்:* சீட்டில்லாமல் கேட்பவர் நெருங்கிய உறவினரேயானாலும் மறுத்துவிடுங்கள். பத்து ரூபாய் மாத்திரையை நூறு ரூபாய்க்குக் கேட்பவன் நோயாளியல்லன். அந்தக் கூடுதல் தொண்ணூறு ரூபாயில் பரக்கத் இல்லை. ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. பதிவேட்டை அதிகாரிக்காக எழுதாதீர்கள்; மறுமையில் விரிக்கப்படும் ஏட்டை நினைத்து எழுதுங்கள்.

*ஆடு, மாடு வளர்ப்போரும் வணிகரும்:* கால்நடைக்கான மருந்துப் புட்டியில் வீட்டுப் பிராணி ஒன்றின் தலைச் சின்னமும், மனிதப் பயன்பாட்டுக்கன்று என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். சிகிச்சை முடிந்தபின் எஞ்சிய மயக்க மருந்தைத் தொழுவத்திலோ வீட்டு மாடத்திலோ விட்டுவைக்காமல் மருத்துவரிடமே ஒப்படையுங்கள். மயக்க மருந்து செலுத்தப்பட்ட பிராணியை எப்போது அறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டறியுங்கள். குர்பானிக்கு விற்கப்படும் ஆட்டில் இதை மறைப்பது மோசடியாகும்.

*வெளிநாடு செல்வோர்:* மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்பு, கோலாலம்பூர், துபாய் செல்லும் நம் பிள்ளைகளிடம், 'குருவி'யாகச் செல்லுமாறு கூறிச் சிலர் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புகின்றனர். உள்ளே என்னவென்று அறியாத பொருளைச் சுமக்காதீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் கீழ், தனக்குத் தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. வணிக அளவு வழக்கில் பிணை கிடைப்பதும் அரிது. ஒரு பயணச் சீட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் ஆசைப்பட்டு வாழ்வின் இளமையைச் சிறையில் தொலைத்துவிடலாகாது.

*பெற்றோர்:* பிள்ளை முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால், கையில் ஊசித் தழும்பு தெரிந்தால், பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் வெளியில் திரிந்தால், வீட்டுப் பணம் காணாமற் போனால், கோபத்தை அடக்கி அன்போடு அருகில் அமர்ந்து விசாரியுங்கள். ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ஆகியவையும் பரவும் என்பதால் மருத்துவப் பரிசோதனை அவசியம்.

*ஜமாஅத் நிர்வாகிகள்:* போதைக்கு அடிமையான பிள்ளையின் குடும்பத்தை ஊர் விலக்கிவைத்தால், அடுத்த வீட்டார் தம் பிள்ளையின் நிலையை மறைத்துவிடுவார்கள். மறைக்கப்பட்ட புண் அழுகும். சிறிய அளவோடு பிடிபட்டவரோ, பயன்படுத்திய குற்றத்திற்கு ஆளானவரோ தாமே முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது. சட்டமே திரும்பி வரும் வாசலைத் திறந்து வைத்திருக்க, தவ்பாவின் வாசலைப் பேசும் நாம் அதை மூடலாமா? மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல மஹல்லாவில் இருவரைப் பொறுப்பாக்குங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும், விற்பனையைப் பற்றித் தகவல் தர 1933 என்ற எண்ணும் உள்ளன. ஜும்ஆ அறிவிப்புப் பலகையில் இவற்றை எழுதி வையுங்கள்.

ஆனால் விற்பவன் விஷயத்தில் தயவு வேண்டாம். அவன் நம் தெருவைச் சேர்ந்தவன், நம் சமுதாயத்தான் என்று மூடி மறைப்பது, அவன் அழிக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் துரோகம்.

சகோதரர்களே! சட்டம் அலமாரிக்குப் பூட்டுப் போடலாம், அளவு குறிக்கலாம், தண்டனை விதிக்கலாம். ஆனால் பூட்டின் சாவி ஒரு மனிதனின் கையில்தான் இருக்கிறது. யாரும் பார்க்காத இரவில் அந்தக் கையை நடுங்கச் செய்வது இறையச்சம் ஒன்றே. பட்டியலில் இல்லாத மருந்துக்கும் அந்த அச்சம் காவலாக நிற்கும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் அறிவையும் ஆரோக்கியத்தையும் காத்தருள்வானாக! வழிதவறியோரைத் தவ்பாவின் பக்கம் மீட்டு, அவர்தம் பெற்றோரின் கண்களைக் குளிரச் செய்வானாக! நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு அமானிதத்தையும் பேணி நடக்கும் நல்லோராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.